பிறேக் பிடித்த பின் வண்டி எங்கே நிற்கும்?

“வண்டியிலே நல்ல பிறேக் இருக்கிறது, ஆகவே பயமில்லை” என்று பலர் சொல்லக் கேட்கிறோம். நல்ல பிறேக் இருக்க வேண்டியது அவசியமே. ஆனால் எவ்வளவு நல்ல பிறேக்காக இருந்தாலும் அது ஓடுகின்ற வண்டியைப் பிடித்த இடத்திலேயே நிறுத்திவிடாது. ஓடிய வேகத்துக்கும், ஏற்றிய பாரத்துக்கும், வீதியின் தன்மைக்கும் ஏற்ப வண்டி இன்னும் ஒரு தூரம் ஓடித்தான் நிற்கும். அந்தத் தூரம் எவ்வளவு என்பதை அறிந்து ஓட்டுபவரே நல்ல சாரதி. எமது விவசாயக் குடும்பங்கள் அன்றாடம் பயன்படுத்தும் மோட்டார் சைக்கிள், உழவு இயந்திரம், லான்ட்மாஸ்டர் ஆகியவற்றை மனதிற்கொண்டு இதனை இங்கே விளக்க விரும்புகிறோம்.

இதனை ஏன் இப்போது பேச வேண்டும்? யுத்த காலத்தில் எமது வீதிகள் குண்டும் குழியுமாகக் கிடந்தன. பொருளாதாரத் தடை இருந்த நாட்களில் உதிரிப்பாகங்கள் கிடைப்பது அரிது. மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. பிறேக் தேய்ந்த வண்டியைக் காலை நிலத்தில் ஊன்றி நிறுத்தியவர்களும் உண்டு. அன்று அது பெரிய ஆபத்தாகத் தெரியவில்லை. ஏனெனில் குழிகளே எமது வேகத்தைக் கட்டுப்படுத்தின. ஏ-9 வீதி 2002ஆம் ஆண்டில் திறக்கப்பட்டு, 2006ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் மீண்டும் மூடப்பட்டது. 2009ஆம் ஆண்டில் யுத்தம் முடிந்த பின்னரே அது நிலையாகத் திறந்தது. அதன் பின் அந்த வீதியும் வேறு பல வீதிகளும் காப்பெற் வீதிகளாக மாறின. குழி போய்விட்டது, வேகம் வந்துவிட்டது. ஆனால் குழி வீதியில் பழகிய பழக்கங்கள் பலரிடம் அப்படியே இருக்கின்றன.

இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு இதில் மேலதிகமான ஒரு சிரமமும் உண்டு. குடியிருப்பது ஓரிடம், வயல் வேறோரிடம். விதைப்புக்கும் அறுவடைக்கும் ஆட்களையும் மூடைகளையும் ஏற்றிக்கொண்டு நீண்ட தூரம் பிரதான வீதியால் போய்வர வேண்டியிருக்கிறது. குடும்பத்தின் உழைப்பாளி ஒருவர் காலுடைந்து படுத்தால் அந்தப் போகமே போய்விடும். பல தடவை எல்லாவற்றையும் இழந்து மீண்டும் எழுந்து நிற்கும் குடும்பம், இன்னோர் இழப்பை வீதியிலே சந்திக்கக் கூடாது.

நிற்கும் தூரத்தில் இரண்டு பங்கு

வீதியில் ஒரு மாடு குறுக்கே வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கண் அதைக் காண வேண்டும்; மூளை அதை உணர வேண்டும்; பிறகு கையோ காலோ பிறேக்கைத் தொட வேண்டும். கவனமாக ஓட்டும் ஒருவருக்கும் இதற்கு ஏறத்தாழ ஒரு செக்கன் செல்லும். அந்த ஒரு செக்கனும் வண்டி வேகம் குறையாமலே ஓடிக்கொண்டிருக்கும். மணிக்கு 60 கிலோ மீற்றர் வேகத்தில் அது ஏறத்தாழ 17 மீற்றர். இதனை உணரும் தூரம் என்போம். பிறேக் வேலை செய்யத் தொடங்கியதிலிருந்து வண்டி நிற்கும் வரை ஓடுவது பிறேக் தூரம். இரண்டையும் கூட்டினால் வருவதே நிற்கும் தூரம்.

காய்ந்த தார் வீதி, நல்ல ரயர், நல்ல பிறேக், விழிப்பான சாரதி என்று எல்லாம் நன்றாக இருந்தால், கணக்கின்படி வரும் அண்ணளவான தூரங்கள் இவை:

20 கி.மீ. வேகத்தில்: உணரும் தூரம் 6 மீற்றர், பிறேக் தூரம் 2 மீற்றர், மொத்தம் 8 மீற்றர்.

40 கி.மீ. வேகத்தில்: 11 மீற்றர், 9 மீற்றர், மொத்தம் 20 மீற்றர்.

60 கி.மீ. வேகத்தில்: 17 மீற்றர், 20 மீற்றர், மொத்தம் 37 மீற்றர்.

80 கி.மீ. வேகத்தில்: 22 மீற்றர், 36 மீற்றர், மொத்தம் 58 மீற்றர்.

இந்தத் தொகைகளை மனதில் வைத்திருப்பதற்கு எளிதான வழி ஒன்று உண்டு. கிரிக்கெட் ஆடுகளத்தில் ஒரு விக்கெற்றிலிருந்து மற்ற விக்கெற் வரை 22 யார், அதாவது ஏறத்தாழ 20 மீற்றர். எமது பிள்ளைகள் எல்லாருக்கும் அந்தத் தூரம் தெரியும். 40இல் ஓடினால் நிற்பதற்கு ஓர் ஆடுகளம் தேவை. 60இல் ஏறத்தாழ இரண்டு, 80இல் ஏறத்தாழ மூன்று ஆடுகளம் தேவை. இதை வீட்டிலே பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள். பின்னால் இருந்து வரும் பிள்ளையே அப்பாவுக்கு நினைவூட்டும்.

மேலே உள்ள கணக்கில் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். வேகம் 40இலிருந்து 80 ஆக இரண்டு மடங்காகும்போது, பிறேக் தூரம் 9 மீற்றரிலிருந்து 36 மீற்றராக நான்கு மடங்காகிறது. வேகம் சிறிது கூடினாலும் ஆபத்து அதிகம் கூடுவது இதனாலேயே.

இன்னும் தெளிவாகச் சொல்வதானால், இரண்டு மோட்டார் சைக்கிள்கள் பக்கத்துக்குப் பக்கமாக வருகின்றன. ஒன்று 40இல், மற்றது 60இல். 20 மீற்றருக்கு முன்னே ஒரு பிள்ளை வீதிக்கு ஓடி வருகிறது. இருவரும் ஒரே நேரத்தில் காண்கின்றனர். ஒரே நேரத்தில் பிறேக் பிடிக்கின்றனர். 40இல் வந்தவர் பிள்ளைக்குக் கிட்ட வந்து நின்றுவிடுவார். அதே இடத்தில் 60இல் வந்தவரின் வேகம் என்ன? பலர் 20 என்று நினைப்பார்கள். உண்மையில் அது ஏறத்தாழ 55. அவர் 17 மீற்றரை உணருவதிலேயே கழித்துவிட்டார். பிறேக் வேலை செய்ய மூன்று மீற்றர்தான் மிஞ்சியது. பாடசாலை, ஆலயம், சந்தை, கிணற்றடி உள்ள இடங்களில் வேகத்தைக் குறையுங்கள் என்று நாம் திரும்பத் திரும்பச் சொல்வதன் காரணம் இதுவே.

தூரத்தைக் கூட்டுபவை

முதலாவது, சாரதியின் நிலை. நாள் முழுவதும் வெயிலில் அறுவடை செய்து களைத்தவருக்கும், நித்திரை குறைந்தவருக்கும், குடித்திருப்பவருக்கும் உணரும் நேரம் நீளும். கைத்தொலைபேசியில் பேசிக்கொண்டு ஓட்டுபவருக்கும் அப்படியே. 60 கிலோ மீற்றர் வேகத்தில் பிந்துகின்ற ஒவ்வொரு செக்கனும் 17 மீற்றர் என்பதை மறக்க வேண்டாம்.

இரண்டாவது, ஈரம். மழையில் தார் வீதியின் பிடிமானம் ஏறத்தாழ அரைவாசிக்குக் குறையக்கூடும். 60இல் 20 மீற்றராக இருந்த பிறேக் தூரம் 35 மீற்றராகி, மொத்தம் 50 மீற்றரைத் தாண்டும். நீண்ட வெயிலுக்குப் பின் பெய்யும் முதல் மழையில் மிகுந்த கவனம் வேண்டும். வீதியில் படிந்திருக்கும் எண்ணெயும் தூசியும் தண்ணீரோடு சேர்ந்து வழுக்கும்.

மூன்றாவது, கிறவலும் மணலும். தளர்ந்த கிறவலில் ரயர் வீதியைப் பிடிப்பதில்லை. உருளும் சிறு கற்களின் மேல் சறுக்குகிறது. தார் வீதியிலிருந்து கிறவல் வீதிக்கு இறங்கும் முன்பே வேகத்தைக் குறைக்க வேண்டும்; இறங்கிய பின் அல்ல.

நான்காவது, நாமே வீதியில் போடுபவை. அறுவடைக் காலத்தில் தார் வீதியில் நெல் காயவிடுவது எமது பகுதிகளில் வழக்கமாகிவிட்டது. களம் இல்லாத குடும்பத்தின் சிரமம் எமக்குத் தெரியும். ஆனால் நெல்மணி ரயருக்குக் கீழே மணிமணியாக உருளும். அதன் மேல் பிறேக் பிடிக்கும் மோட்டார் சைக்கிள் நிற்காது, விழும். நெல்லைக் காவல் காக்க வைக்கும் கல்லும் கட்டையும் இரவிலே கண்ணுக்குத் தெரியாது. வயலிலிருந்து ஏறும் உழவு இயந்திரச் சில்லுகள் வீதியில் விட்டுச் செல்லும் சேறும் இப்படியே. ஏறு முன் சில்லிலுள்ள சேற்றைத் தட்டிவிடுவதும், விழுந்த சேற்றை மண்வெட்டியால் வழித்துவிடுவதும் சில நிமிட வேலை. சங்கங்கள் சேர்ந்து பொதுக் களம் ஒன்று அமைத்தால் நெல்லும் சுத்தமாக இருக்கும், வீதியும் சுத்தமாக இருக்கும்.

உழவு இயந்திரமும் பெட்டியும்

நான்கு சில்லு உழவு இயந்திரங்களில் பெரும்பாலானவற்றுக்குப் பின் சில்லுகளில் மட்டுமே பிறேக் உண்டு. இடச் சில்லுக்கு ஒன்றும் வலச் சில்லுக்கு ஒன்றுமாக இரண்டு மிதிகள் இருக்கும். வயலிலே குறுகிய இடத்தில் திருப்புவதற்கு இது உதவும். வீதியிலோ இது பெரிய ஆபத்து. வேகமாக ஓடும்போது ஒரு மிதியை மட்டும் மிதித்தால் இயந்திரம் ஒரு பக்கமாக வெட்டித் திரும்பும், புரளவும் கூடும். இதற்காகவே இரண்டு மிதிகளையும் இணைக்கும் கொளுக்கி ஒன்று வைத்திருக்கிறார்கள். வயலிலிருந்து வீதிக்கு ஏறும்போது அதைப் போட்டுவிட வேண்டும். உங்கள் இயந்திரத்தில் அந்தக் கொளுக்கி உடைந்தோ காணாமற் போயோ இருந்தால் இன்றே அதைச் செய்வியுங்கள்.

அடுத்தது பாரம். ஒரு நெல் மூடை ஏறத்தாழ 65 கிலோ என்று வைத்தால், 30 மூடை ஏறத்தாழ 2 தொன். வழக்கமாக நாம் பயன்படுத்தும் உழவு இயந்திரத்தின் நிறையும் ஏறத்தாழ அவ்வளவே. பெட்டிக்குப் பிறேக் இல்லையென்றால், இயந்திரத்தின் இரண்டு பின் சில்லுகளே தம் பாரத்தையும் பெட்டியின் பாரத்தையும் சேர்த்து நிறுத்த வேண்டும். பாரம் இரண்டு மடங்கானால், அதே பிறேக்குக்குப் பிறேக் தூரமும் ஏறத்தாழ இரண்டு மடங்காகும். வெறும் இயந்திரம் ஓட்டிப் பழகியவர், பெட்டி ஏற்றிய நாளிலும் அதே இடத்தில் நிற்கும் என்று நம்பி மோசம் போவதுண்டு.

வளைவிலே பிறேக் பிடிப்பது இன்னும் ஆபத்து. முன்னே இயந்திரம் நிற்கப் பார்க்கும். பின்னே பெட்டி நிற்காமல் தள்ளும். இயந்திரம் பக்கவாட்டில் முறுகிப் பெட்டியோடு மடிந்து விழும். ஆகவே வளைவுக்கு முன்பே, நேராக ஓடும்போதே வேகத்தைக் குறைத்துக் கொள்ளுங்கள்.

எமது நிலம் பெரும்பாலும் சமதரை என்றாலும், குளக்கட்டிலிருந்து இறங்கும் பாதையும் பாலத்து இறக்கமும் உண்டு. இறங்கத் தொடங்கும் முன்பே சிறிய கியரைப் போட்டுக்கொள்ள வேண்டும். இறங்கும்போது கிளச்சை மிதித்து வைத்திருப்பதும், எரிபொருள் மிச்சம் என்று கியரை எடுத்துவிட்டு உருளவிடுவதும் கூடாது. கியர் போட்டிருக்கும்போது இயந்திரமே சில்லுகளை இழுத்துப் பிடிக்கிறது. அதை விட்டுவிட்டால் பாரம் முழுவதும் பிறேக்கில் விழும். பிறேக் சூடேறிப் பிடிமானம் குறையும்.

மட்காட்டிலும் பெட்டியைக் கொழுவும் தண்டிலும் ஆட்களை இருத்திக்கொண்டு போவதைக் காண்கிறோம். திடீரெனப் பிறேக் பிடிக்கும்போது அவர்கள் விழுவது சில்லுக்கு முன்னே. பிள்ளைகளை அந்த இடத்தில் ஒருபோதும் இருத்த வேண்டாம்.

லான்ட்மாஸ்டர் இறக்கத்தில் மாறித் திரும்பும்

இரு சில்லு உழவு இயந்திரம் ஓட்டுபவர்கள் இதைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். இதன் கைபிடிகளில் பக்கத்துக்கு ஒன்றாகத் திருப்பும் கிளச் இருக்கும். சமதரையில் இடது கிளச்சைப் பிடித்தால் இடச் சில்லுக்குப் போகும் வலு நின்றுவிடும். வலச் சில்லு தள்ளும். இயந்திரம் இடப்பக்கம் திரும்பும். ஆனால் இறக்கத்தில் பெட்டி பின்னாலிருந்து தள்ளும்போது, இயந்திரம் சில்லுகளை ஓடவிடாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அப்போது இடது கிளச்சைப் பிடித்தால் இடச் சில்லு கட்டவிழ்ந்து வேகமாக உருளும். வலச் சில்லு பின்தங்கும். இயந்திரம் இடப்பக்கம் திரும்பாமல் வலப்பக்கம் திரும்பும். குளக்கட்டிலே இது நடந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

ஆகவே இறக்கத்தில் வேகத்தைக் குறைத்து, சிறிய கியரில், திருப்பும் கிளச்சுகளைத் தொடாமல், கைபிடியைக் கைவலுவால் திருப்பியே இறங்க வேண்டும். பெட்டியில் மிதி பிறேக் இருந்தால் அதை மெல்ல மெல்ல மிதிக்க வேண்டும். இல்லாத பெட்டிக்கு ஒன்று பூட்டுவிப்பது நல்லது. புதிதாக ஓட்டப் பழகும் பிள்ளைகளுக்கு முதல் நாளிலேயே இதைச் சொல்லிக் கொடுங்கள்.

மோட்டார் சைக்கிளில் முன் பிறேக்

“முன் பிறேக் பிடித்தால் குத்துக்கரணம் அடிக்கும்” என்ற பயத்தினால் பலர் காலால் பின் பிறேக்கை மட்டுமே பயன்படுத்துகின்றனர். பிறேக் பிடிக்கும்போது வண்டியின் பாரம் முன்னே சாய்கிறது. முன் ரயர் வீதியை அழுத்திப் பிடிக்கிறது. பின் ரயர் இலேசாகிறது. ஆகவே காய்ந்த தார் வீதியில் வண்டியை நிறுத்தும் வேலையில் பெரும் பங்கு முன் பிறேக்குக்கே உரியது. பின் பிறேக்கை மட்டும் நம்பினால் பிறேக் தூரம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும்.

சரியான முறை இதுதான்: கைபிடியை நேராக வைத்து, இரண்டு பிறேக்கையும் ஒன்றாகப் பிடித்து, முன் பிறேக்கை முதலில் மெதுவாகவும் பின்னர் படிப்படியாக இறுக்கியும் பிடிக்க வேண்டும். ஈரத் துணியைப் பிழிவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். வெடுக்கென்று இழுத்தால் சில்லு இறுகிச் சறுக்கும். சறுக்கும் சில்லு வண்டியை நிறுத்துவதும் குறைவு, திரும்பவும் விடாது. முன் சில்லு இறுகிச் சறுக்கினால் உடனே பிடியைத் தளர்த்தி மீண்டும் மெதுவாகப் பிடியுங்கள். கிறவலிலும் மணலிலும் முன் பிறேக்கை மிக இலேசாகவே தொட வேண்டும். வெற்றுக் காணி ஒன்றில் 20 கிலோ மீற்றர் வேகத்தில் இதைப் பல தடவை பழகிக்கொண்டால், அவசர நேரத்தில் கை தானாகவே சரியாக வேலை செய்யும்.

இடைவெளியும் வெளிச்சமும்

முன்னே செல்லும் பஸ்ஸுக்கோ லொறிக்கோ எவ்வளவு பின்னால் வர வேண்டும்? அந்த வாகனம் வீதியோரத்து மின்கம்பம் ஒன்றைத் தாண்டும்போது “ஆயிரத்தொன்று, ஆயிரத்திரண்டு” என்று நிதானமாகச் சொல்லுங்கள். சொல்லி முடிக்கும் முன்பே நீங்கள் அந்தக் கம்பத்துக்கு வந்துவிட்டால், மிகக் கிட்டப் போகிறீர்கள். இது இரண்டு செக்கன் இடைவெளி. மழையிலும் பாரத்தோடும் போகும்போது நான்கு வரை எண்ணுங்கள்.

இரவிலே, வெளிச்சம் விழும் தூரத்துக்குள் நிற்கக்கூடிய வேகத்திலேயே ஓட்ட வேண்டும். மோட்டார் சைக்கிளின் தாழ்ந்த வெளிச்சத்தில் 30, 40 மீற்றருக்கு அப்பால் ஒரு கறுப்பு மாட்டைத் தெளிவாகக் காண்பது கடினம். 60இல் நிற்பதற்கோ 37 மீற்றர் வேண்டும். வெப்பம் தேடி மாடுகள் தார் வீதியில் படுக்கும் இடங்களில் 40க்கு மேல் போவது அறிவீனம். அதேபோல, பின்னால் வருபவர் எம்மைக் கண்டால்தான் அவரும் நிற்க முடியும். பெட்டியின் பின்புறம் இரண்டு பக்கத்திலும் சிவப்பு ஒளித்தெறிப்பான்களும், எரியும் விளக்கும் இருக்க வேண்டும். வைக்கோல் ஏற்றும்போது அவை மறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

புகையிரதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2013ஆம் ஆண்டு செப்ரெம்பரில் கிளிநொச்சிக்கும், 2014ஆம் ஆண்டு ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும் புகையிரதம் மீண்டும் வந்தது. புகையிரதமே காணாமல் வளர்ந்த ஒரு தலைமுறை எம்மிடையே உண்டு. இரும்புச் சில்லு இரும்புத் தண்டவாளத்தில் ஓடுவதால் பிடிமானம் மிகக் குறைவு. பாரமோ மிக அதிகம். வேகமாக வரும் புகையிரதம் நிற்கப் பல நூறு மீற்றர் வேண்டும். சாரதி எம்மைக் கண்டு பிறேக் பிடித்தாலும் அது எம்மைத் தாண்டியே நிற்கும். ஆகவே கடவையில் நிற்க வேண்டியவர்கள் நாமே. இயந்திரத்தின் சத்தத்தில் புகையிரதத்தின் ஊதல் கேட்காது. நின்று, இரு பக்கமும் பார்த்து, பெட்டி முழுவதும் மறுபக்கம் போய் நிற்க இடம் உண்டா என்று உறுதி செய்த பின்னரே கடக்க வேண்டும்.

வாரத்தில் ஒரு தடவை பார்க்க வேண்டியவை

1. பிறேக் மிதி கல்லுப்போல் உறுதியாக இருக்கிறதா? பஞ்சுபோல் அமிழ்ந்தால் குழாயில் காற்றுப் புகுந்திருக்கலாம். மிதித்து வைத்திருக்கும்போது மெல்லக் கீழிறங்கினால் பிறேக் எண்ணெய் ஒழுகுகிறது.

2. பிறேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா? அப்படியானால் இரு பக்கமும் ஒரேயளவாகப் பிடிக்கவில்லை.

3. இரும்பு உரசும் சத்தம் கேட்கிறதா? பிறேக் சூ தேய்ந்து முடிந்துவிட்டது. இனி ஒரு நாளும் தள்ளிப்போட வேண்டாம்.

4. ரயரின் பூ தேய்ந்து வழுவழுப்பாகிவிட்டதா? மழைக்கு முன் மாற்றுங்கள்.

5. பிறேக் பிடிக்கும்போது பின்னால் சிவப்பு விளக்கு எரிகிறதா?

மாரியில் வான் பாயும் தண்ணீரைக் கடந்த பின்னர், பிறேக் நனைந்து பிடிக்காமல் இருக்கக்கூடும். மெதுவாக ஓட்டிக்கொண்டே பிறேக்கை இலேசாகப் பலமுறை பிடித்துக் காயவைத்த பின்னரே வேகமெடுக்க வேண்டும்.

சங்கக் கூட்டத்தில் செய்து பாருங்கள்

வாசித்ததைவிடக் கண்ணால் கண்டது மனதில் நிற்கும். அடுத்த விவசாயிகள் சங்கக் கூட்டத்திலோ மாதர் சங்கக் கூட்டத்திலோ, வீதியில் அல்லாமல் விளையாட்டு மைதானத்தில், ஒரு தடியை நடுங்கள். அதிலிருந்து 8, 20, 37, 58 மீற்றர் தூரத்தில் ஒவ்வொரு தடி நட்டு, 20, 40, 60, 80 என்று எழுதி வையுங்கள். முதல் தடியில் நின்று மற்றவற்றைப் பாருங்கள். பெரியவர் ஒருவரை 58ஆம் மீற்றரில் நிற்கச் சொல்லி, அவருடைய முகம் தெளிவாகத் தெரிகிறதா என்று இளைஞர்களைக் கேளுங்கள். “80இல் வரும் நீ, அவ்வளவு தூரத்தில் அவரைக் கண்டால்தான் அவர் பிழைப்பார்” என்று சொன்னால் போதும். வேறு பிரசங்கம் தேவையில்லை.

பட்டினத்துக்குள் 50, வெளியே 70 என்று மோட்டார் சைக்கிளுக்கும் காருக்கும் சட்டம் சொல்லும் வேகம், அதற்கு மேல் போகக்கூடாது என்பதற்கே. அந்த வேகத்தில் போயே ஆகவேண்டும் என்பதல்ல. மழையும், இருளும், பாரமும், களைப்பும் சேரும்போது எந்த வேகத்தில் போவது என்பதைச் சாரதியே தீர்மானிக்க வேண்டும். முன்னே தெரியும் வெற்று வீதி எத்தனை ஆடுகளம் என்று பாருங்கள். அதற்குள் நிற்கக்கூடிய வேகத்திலேயே ஓட்டுங்கள்.